கிழங்கை அலம்பி வைக்காதீர்கள்!

மரக்காணம் உப்பளப் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு ஜாடியே கசிந்துவிடும். பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்ன பாடுபடும்! அதுபோன்ற ஊரில் குடித்தனம் செய்கிறீர்களா, சகோதரிகளே? கிழங்கை அலம்பாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, மூங்கில் கூடையில் காற்றாடப் பரப்பிப் பலகைமேல் வையுங்கள்.

பச்சைக் கிழங்குக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் நடுப்பகுதி வேகாமல் கல்லாக நின்றுவிடும். மறுநாள் பொரியலுக்கு முதல்நாள் இரவே தோலோடு வேகவைத்து, ஆறியபின் பெட்டியில் வைக்கலாம். காலையில் தோல் உரிப்பதும் சுலபம்.

முக்கியமாக ஒன்று: வண்டு துளைத்துக் கசக்கும் கிழங்கை, கெட்ட இடத்தை மட்டும் அரிந்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. காசு போனால் போகிறது, குப்பையில் போடுங்கள்!