ஸ்க்ரோலில் ஏறும் ஒரு சொல்

2023 ஜனவரியில் திருப்பூரிலிருந்து ஒரு செல்போன் வீடியோ வந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களை விரட்டும் காட்சி. சின்னத் தகராறில் தொடங்கியது என்று போலீஸ் விளக்கம் சொன்னது. அதற்குள் நம் சேனல்களில் அது ஓடித் தீர்த்துவிட்டது, தமிழர், வடமாநிலத்தவர் என்று இரண்டு கட்சி கட்டிய வாசகங்களோடு.

மார்ச் தொடக்கத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய் பீகார் முழுக்கப் பரவியது. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோக்களைப் பிரித்துச் சொன்னார்: ஒன்றில் திருப்பூரில் பீகார்க்காரர்களே தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள், இன்னொன்றில் கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டார்கள். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துப் போனது. மார்ச் 8 ஹோலி. ரயில் நிலையங்களில் ஊருக்குப் போகிற கூட்டம். அதைத் தப்பி ஓடும் கூட்டமாக்க ஒரு வரி வாசகம் போதுமானதாக இருந்தது.

பொய்யை விதைத்தவர்கள் யூடியூப்காரர்கள்தானே என்று டிவி செய்தியில் இருக்கும் நம்மில் பலர் விலகிக்கொள்கிறோம். என்னால் முடியவில்லை. ஜார்க்கண்டின் ஜசிதிக்கும் அசாமின் சில்காட்டுக்கும் ரயில் தாம்பரத்திலிருந்துதான் கிளம்புகிறது. பெருங்களத்தூரில் கம்பி கட்டுகிறவர், மேடவாக்கத்தில் பரோட்டா போடுகிறவர் அதில்தான் ஊர் போய் வருகிறார்கள். நம் செய்தி அவர்கள் தங்கியிருக்கும் தெருவில்தான் ஓடுகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு சேனலில் இரவு டெஸ்க் பார்த்தேன். குரோம்பேட்டையில் செயின் பறிப்பு என்று ஸ்ட்ரிங்கர் போன் செய்தார். ஆள் சிக்கவில்லை, முகமும் சரியாகத் தெரியவில்லை. “பார்த்தா இந்திக்காரப் பையன் மாதிரி இருந்தானாம் சார்” என்றார். ‘வடமாநில இளைஞர்’ என்று தட்டினேன். பத்தரை மணிக்கு ஏறிய ஸ்க்ரோல் விடியும் வரை சுற்றியது. கடைசியில் பிடிபட்டவன் பக்கத்துத் தெருக்காரன். திருத்தம் போடலாமா என்று கேட்டேன். செய்தி பழசாகிவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு சொல் இன்னும் உறுத்துகிறது.

வெறுப்புப் பேச்சு என்றதும் விவாத மேடையும் நெறியாளரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 1994 கேபிள் டிவி விதிகளின் 6ஆவது விதி மதத்தோடு நிற்கவில்லை. மொழி, வட்டாரக் குழுக்களை இழிவாகக் காட்டுவதையும் தடுக்கிறது. டெஸ்கில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? 1995 சட்டத்தின்படி, பகை மூட்டும் நிகழ்ச்சியை நிறுத்தப் போலீஸ் கமிஷனருக்கே அதிகாரம் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து தாம்பரத்துக்கெனத் தனிக் கமிஷனரும் இருக்கிறார். செய்தி அறைக்குள் போலீஸ் கை நீள்வதை நான் விரும்பவில்லை. அதனால்தான் நாமே முந்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். செய்தி சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்பான என்பிடிஎஸ்ஏ விதிக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதம் எந்த மூலைக்கு என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. அந்த அபராதமும் உறுப்பினர் சேனல்களுக்குத்தான்; உறுப்பினராக இல்லாத உள்ளூர் கேபிள் சேனலை அது தொடாது.

குற்றச் செய்தியில் ஊர், மொழி, மதம், சாதி எதற்கு என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் கேட்கட்டும்; பதில் இல்லையென்றால் அந்தச் சொல் போகட்டும். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத செல்போன் வீடியோவை லூப்பில் போடாதீர்கள். தவறு இரவு முழுக்கச் சுற்றியிருந்தால், திருத்தமும் அதே ஸ்க்ரோலில் இரவு முழுக்கச் சுற்றட்டும்.