‘இனிமே நீதான்டா ஓனர்’: ஒரு குத்தகை லாரியின் கணக்கு

என் அண்ணன் பதினான்கு வருடமாக லாரி ஓட்டுகிறார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து ஃபியூஸ் கேரியர், டீ கப், கொலு பொம்மை என்று பீங்கான் சரக்கு ஏற்றிப் போவார். அது இல்லாத நாட்களில் நெய்வேலிப் பக்கத்துக் களிமண், அரியலூர் சிமெண்ட், நெல் மூட்டை. பேட்டாவும் சம்பளமும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வரும். போன மாதம் ஒருநாள் இரவு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

“எத்தன வருஷந்தான்டா சம்பளத்துக்கே ஓட்டுவ? அந்தப் பத்து வீல் வண்டிய லீசுக்கு எடுத்துக்க. மாசம் 40,000 எனக்குக் குடுத்துடு. மிச்சம் எல்லாம் ஒன்னுது. இனிமே நீதான்டா ஓனர்.”

‘ஓனர்’ என்ற சொல் எங்கள் தெருவில் எவ்வளவு எடையுள்ளது என்பது தோழர்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தா பண்ணையாள். அப்பா செங்கல் சூளையிலும் பீங்கான் சூளையிலும் கூலி. மூன்று தலைமுறையில் ‘சொந்தம்’ என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது சேரியில் ஒரு தொகுப்பு வீடு மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பத்துச் சக்கர லாரி வாசலில் நிற்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அண்ணி அன்றைக்கே வண்டிக்கு மாலை வாங்கும் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஒரு பழைய நோட்டை எடுத்தேன். “கணக்கப் போட்டுப் பாத்துட்டு மாலை வாங்கலாம் அண்ணி” என்றேன்.

நிபந்தனைகள் இவை. முன்பணம் ஒன்றரை லட்சம். வாடகை 40,000, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். டீசல், டோல், டயர், ரிப்பேர் எல்லாம் அண்ணன் பொறுப்பு. இன்சூரன்ஸும் வரியும் முதலாளி பொறுப்பு. ஆர்சி புத்தகம் முதலாளி பெயரிலேயே இருக்கும். லோடு அவருடைய புக்கிங் ஆபீசிலிருந்தே வரும், அதற்கு 5 சதவீதக் கமிஷன். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு.

சென்னைக்கு ஒரு நடை போய்வந்தால் ஊர் சுற்றலோடு 450 கிலோமீட்டர். போகும் லோடுக்கு 16,000 ரூபாய், திரும்பும் லோடு கிடைத்தால் 9,000. திரும்பும் லோடு கிடைத்த நடையில் டீசல் 10,400, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் மூன்று டோலுக்கும் போக வர 2,500, கமிஷன் 1,250, கிளீனர் பேட்டா, ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் நீட்டும் கைகளுக்கு என்று 2,850. ஆக 25,000-த்தில் 17,000 போய் 8,000 நிற்கிறது. திரும்பும் லோடு கிடைக்காமல் காலியாக வந்தால் டீசல் கொஞ்சம் குறைந்து 9,300 ஆகும். மற்றச் செலவுகள் சேர்த்து மொத்தம் 15,000. கையில் மிச்சம் 1,000.

மாதம் பத்து நடை. அண்ணனின் அனுபவத்தில் பத்தில் ஆறு நடைக்குத்தான் திரும்பும் லோடு கிடைக்கும். அப்படியென்றால் 48,000-மும் 4,000-மும் சேர்த்து 52,000. அதில் வாடகை 40,000. டயருக்கு மாதம் 8,000, ஆயில், சர்வீஸ், சில்லறை ரிப்பேருக்கு 5,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் 53,000. முப்பது நாள் தூக்கம் கெட்டு ஓட்டிய ‘ஓனர்’ மாதக் கடைசியில் தன் கையிலிருந்து 1,000 ரூபாய் போட வேண்டும்.

“ஒன்பது நடைக்கு ரிட்டன் கெடைச்சா?” என்று அண்ணன் கேட்டார். போட்டுப் பார்த்தேன். 20,000 நிற்கிறது. இப்போது வாங்கும் சம்பளத்தைவிட 2,000 குறைவு. பத்துக்குப் பத்தும் கிடைத்தால் 27,000. ஆனால் ஒன்றரை லட்சம் முன்பணத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியாக வேண்டும், அது மாதம் 3,000. ஆக, ஒரு மாதம் முழுக்க ஒரு நடைகூடக் காலியாக வராமல், ஒரு ஸ்பிரிங் பட்டைகூட உடையாமல் ஓட்டினால், கூடுதலாகக் கிடைப்பது 2,000 ரூபாய்.

அண்ணன் நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதைப் படிக்கும் சிலர், “இது வியாபாரக் கணக்குதானே, இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்கலாம். அதே நோட்டில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கின் உயிர் திரும்பும் லோடில் இருக்கிறது. அந்த லோடை யார் கொடுக்கிறார்கள்? புக்கிங் ஆபீஸ்காரர், புரோக்கர், குடோன்காரர். இவர்கள் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. கல்யாண வீட்டில் பேசி முடிக்கும் லோடுகள் உண்டு. அந்தப் பந்தியில் என் அண்ணனுக்கு இலை கிடையாது. புது குடோனுக்குப் போனால் முதல் கேள்வி, “எந்த ஊரு?” ஊரைச் சொன்னால் அடுத்தது, “ஊர்ல எந்தப் பக்கம்?” சம்பளத்துக்கு ஓட்டும்போது இந்தக் கேள்வியால் அவமானம் மட்டும்தான். குத்தகைக்கு எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் 7,000 ரூபாய் நட்டம்.

புரட்சியாளர் அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிலம் கட்டுப்படியாகுமா என்பதை அதன் ஏக்கர் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதோடு சேரும் மூலதனமும் உழைப்பும் பொருந்திவர வேண்டும் என்பது அவர் வாதம். லாரிக்கும் அது அப்படியே பொருந்தும். பத்துச் சக்கரம் கைக்கு வந்துவிட்டால் போதாது. காலியாக நிற்கும் நாளைத் தாங்கும் பணமும், லோடு தரும் உறவும் வேண்டும். அவை இல்லாதவன் கையில் கொடுக்கப்படும் வண்டி, முதலாளியின் நட்டத்தை அவன் தலைக்கு மாற்றிவிடும் கருவி. டீசல் விலை ஏறினால், டயர் வெடித்தால், மழையில் லோடு நின்றால், இதுவரை அது முதலாளியின் கவலை. இனி எங்கள் கவலை.

இது விருத்தாசலத்தில் மட்டும் நடக்கும் தந்திரமும் அல்ல. அமெரிக்காவில் சரக்கு நிறுவனங்கள் ஓட்டுநர்களுக்கே லாரியைக் குத்தகைக்கு விட்டு, தவணையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கின்றன. நியூ பிரைம் என்ற நிறுவனத்தின் மீது அப்படி ஓட்டிய ஒலிவேரா தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019-இல் ஓட்டுநருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இத்தகைய குத்தகைகளை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த குழு, லாரியைக் குத்தகை வழியாக விற்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்யவே 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

நம் ஊரில் என்ன இருக்கிறது? 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வரையறுத்தது. நடைமுறையில் அது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் ‘நீதான் ஓனர்’ என்று ஆன நொடியில் அந்த உரிமையைக் கேட்கும் வாயே அடைபட்டுவிடுகிறது. ஓனருக்கு ஏது ஓவர்டைம்? நிலக் குத்தகைக்காவது தமிழ்நாட்டில் 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. வாய்ப்பேச்சில் விடப்படும் லாரிக்கு நியாய வாடகை இவ்வளவு என்று சொல்ல யாரும் இல்லை.

“அப்படின்னா கடன் வாங்கிச் சொந்தமாவே எடுத்தா?” என்றார் அண்ணன். அதையும் போட்டோம். ஒரு பழைய வண்டிக்கு 12 லட்சம் கடன், 16 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் தவணை சுமார் 34,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்சி என்று மாதம் 8,000 சேர்த்தால் 42,000. குத்தகை வாடகையைவிட 2,000-தான் அதிகம். ஆனால் நான்கு வருடம் கழித்து வண்டி நம்முடையது. குத்தகையில் நான்கு வருடத்தில் 19 லட்சத்து 20 ஆயிரம் கொடுத்த பிறகும் ஒரு போல்ட்கூட நம்முடையதல்ல.

பிறகு ஏன் எங்கள் ஆட்கள் குத்தகைக்குப் போகிறார்கள்? கடனுக்குப் பட்டா கேட்கிறார்கள், ஜாமீன் கையெழுத்துக்குச் சொத்துள்ள ஆள் கேட்கிறார்கள். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்துவிட்டு நிற்பவர்கள் பட்டாவுக்கு எங்கே போவது? முதலாளியின் தாத்தாவிடம் நிலம் இருந்தது, அதை வைத்து அவர் மகன் முதல் லாரி வாங்கினார். என் தாத்தா அந்த மாதிரி நிலத்தில் ஏர் ஓட்டினார், அவர் பேரன் லாரி ஓட்டுகிறார். வங்கியில் கேட்கப்படும் ஜாமீன் இந்த வரலாற்றைத்தான் மறுபடி மறுபடி சரிபார்க்கிறது.

ஆனால் பட்டியல் சாதியினருக்கென்று திட்டங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை புதுத் தொழில் கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. தாட்கோ 1974 முதல் இருக்கிறது. பதினான்கு வருடம் ஸ்டியரிங் பிடித்த என் அண்ணனிடம் இவற்றில் ஒன்றைப் பற்றியும் யாரும் சொன்னதில்லை. இளைய தோழர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. உங்கள் ஊர் வங்கிக் கிளை இதுவரை எத்தனை பட்டியல் சாதியினருக்குத் தொழில் கடன் கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஓட்டுநர் ஒருவருக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுங்கள். நான்கு ஓட்டுநர்கள் சேர்ந்து ஒரு புக்கிங் ஆபீஸ் வைத்தால் கமிஷனும் மிஞ்சும், “எந்தப் பக்கம்?” என்ற கேள்வியும் குறையும்.

மறுநாள் அண்ணன் முதலாளியிடம் போனார். மூன்று விஷயம் கேட்டார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், லோடு இல்லாத நாளுக்கு வாடகை கழிக்க வேண்டும், திரும்பும் லோடு யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். முதலாளி சிரித்துக்கொண்டே, “பாக்கலாம், பாக்கலாம்” என்றிருக்கிறார். கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்.

“லீசுக்கு எடுத்தா ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க. முன் கண்ணாடியில அம்பேத்கர் படம் கிடம் ஒட்டிடாத. லோடு கெடைக்காது.”

மற்ற வண்டிகளின் கண்ணாடியில் சாதிப் பெயரும் சாதித் தலைவர் படமும் மின்னுகின்றன, அந்த வண்டிகளுக்கு லோடு கிடைக்கிறது. அண்ணன் வீட்டுக்கு வந்து, “வேணாம்டா, சம்பளத்துக்கே ஓட்டுறேன். தாட்கோவுல என்ன பேப்பர் கேக்குறாங்கன்னு விசாரி” என்றார்.

அந்த லாரியை இப்போது எங்கள் தெருவிலேயே இன்னொரு பையன் எடுத்திருக்கிறான். இருபத்தாறு வயது. முன்பணத்துக்கு அவன் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது. நான் எழுதிய கணக்கை ஒரு பிரதி எடுத்து அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு நடையையும் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.