எவர் உடல்? எவர் கட்டடம்?

கட்டடக் கலை கண்ணுக்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் இன்றும் பலர். வரைபடத்தையும் நிழற்படத்தையும் பார்த்த அளவில் ஒரு கட்டடத்தை அறிந்துவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் றோயல் அக்கடமி திறந்துவைத்த கட்டடக் கலைக் கண்காட்சி இம்மயக்கத்தை உடைக்க முனைந்தது. படங்களுக்குப் பதிலாக, மக்கள் உள்ளே புகுந்து நடக்கத்தக்க அமைப்புகளையே பல நாட்டுக் கலைஞர் அங்கு எழுப்பினர். யப்பானியரான கெங்கோ குமா இருண்ட அறையில் மெல்லிய மூங்கிற் கீற்றுகளைப் பின்னி, அவற்றில் மரத்தின் நறுமணத்தை ஏற்றினார். சீனரான லீ சியாவோடொங் சுள்ளிகளால் ஒடுங்கிய பாதை அமைத்தார். சிலி நாட்டுக் கலைஞர் இருவர் மரத்தூண்களுக்குள் சுழற்படிகள் வைத்து, பார்வையாளரைக் கூரையருகே ஏற்றினர்.

கால் ஏறுகிறது, மூக்கு முகர்கிறது, தோல் குளிரையும் வெம்மையையும் உணர்கிறது. கட்டடம் முழு உடலாலும் அறியப்படுவது என்ற உண்மை இங்கு நிலைநாட்டப்பட்டது. இதனை நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆயின், இந்த உடல் எவருடைய உடல்? நுழைவுச் சீட்டு வாங்கி, ஓய்வாக ஒரு மணி நேரம் உலவி, விரும்பியபோது வெளியேறக்கூடிய உடல் அது. பயன்பாட்டிலிருந்து பிரித்தெடுத்த அனுபவமே தூய அனுபவம் என்று கலைவாதிகள் வாதிடுவர். அது தூய அனுபவமன்று, பாதி அனுபவம். வெளியேற இயலாதவனுக்கே கட்டடம் தன் முழு உண்மையையும் உணர்த்துகிறது.

அதே லண்டனில் கிரென்பெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு நின்றது. அங்கு வாழ்ந்தோருட் பெரும்பாலோர் நகரசபைக்கு வாடகை செலுத்திய எளிய மக்கள். வெப்பத்தைக் காக்கவும் வெளித்தோற்றத்தைத் திருத்தவும் அதன் சுவர்கள்மேல் புதிய போர்வை ஒன்று பொருத்தப்பட்டது. தீப்பற்றக்கூடிய போர்வை அது! தீ விபத்தின் அபாயம் குறித்துக் குடியிருந்தோர் முன்னரே எச்சரித்திருந்தனர், கேட்பாரில்லை. 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீயில் 72 உயிர்கள் மாண்டன. இறங்கித் தப்ப இருந்தது ஒரேயொரு படிக்கட்டு. அம்மரணங்கள் யாவும் தவிர்த்திருக்கக்கூடியவை என 2024இல் விசாரணைத் தலைவரே கூறினார். கண்காட்சியில் ஏறிய படி இன்பம் தந்தது. இங்கோ படி என்பது உயிர். புலன்களைப் பற்றிப் பேசுவோர் புகையால் திணறிய நெஞ்சையும் பேசத்தான் வேண்டும்.

அப்படியானால் கலைஞன் செய்யக்கூடியது யாது? விடை அக்கண்காட்சியிற் பங்குபற்றிய ஒருவரிடமே உண்டு. புர்க்கினா பாசோவின் கண்டோ என்னும் கிராமத்திற் பிறந்த பிரான்சிஸ் கெரே, லண்டனில் பிளாஸ்டிக் தகடுகளால் ஒரு குகைவழி அமைத்தார். வந்தோர் அதில் வண்ணக் குழல்களைச் செருகி மகிழ்ந்தனர். ஆனால் அவருடைய பெரும் பணி 2001இல் தம் ஊரில் நிறைவுற்ற பாடசாலையே. மண்ணுடன் சிறிது சீமெந்து கலந்து கற்கள் அறுக்கப்பட்டன. தகரக் கூரையை உட்கூரையிலிருந்து உயர்த்தி, இடையே காற்றோட விட்டதால் வெப்பம் வெளியேறியது. ஊர் மக்களே கல்லும் நீரும் சுமந்து, தரையை இடித்து இறுக்கினர். அங்கே உழைத்த உடலும் பயன்பெறும் உடலும் ஒரே மக்களுடையவை. 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆபிரிக்கர் இவரே.

தகரக் கூரையின் கீழ் நண்பகலிற் படிப்பிக்கும் ஆசிரியருக்கும், வியர்வை சொட்டும் கையால் எழுதும் மாணவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. காற்று வரும் வகுப்பறை ஆடம்பரமன்று. கல்வியின் ஒரு பகுதி. அழகை வெறுப்பது நமது நோக்கமன்று. கண்காட்சி மண்டபத்தின் நறுமணமும் ஒளியும் குளிர்ச்சியும் உழைக்கும் மக்களின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உரியவை என்று கோருவதே நமது வாதம். அக்கோரிக்கையை ஏற்காத கலை எத்துணை நுண்மையாயினும், ஓய்வுள்ளோரின் விளையாட்டாகவே எஞ்சும்.