கழுத்தைச் சாய்க்காமல் படிக்க

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்தின் மழையளவுப் பட்டை வரைபடங்களைத் தவறாமல் பார்ப்பவன் நான். பட்டைகள் பளிச்சென்று இருக்கும். கீழே ஊர்ப் பெயர்கள்தான் பாடாய்ப் படும். செய்யூருக்கு இடம் கிடைத்துவிடும். மாமல்லபுரம், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் என்று வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இல்லையேல் செங்குத்தாகத் தொங்கும். இடம் போதாதபோது எக்செல், ஆர் போன்ற மென்பொருள்கள் சில பெயர்களைச் சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு நாளில் பெயரில்லாத பட்டையால் யாருக்கு என்ன பயன்?

தீர்வு எளிது: படத்தைத் திருப்புங்கள். பட்டைகள் கிடைமட்டமாக ஓடட்டும்; பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கட்டும். ஆர் மொழியில் இடது ஓரம் இயல்பாக 4.1 வரி அகலம்தான். திருக்கழுக்குன்றத்துக்கு அது போதாது, கூட்டிக்கொள்ள வேண்டும். இயல்பிலிருந்து விலகலைக் காட்டும் படமானால், இயல்பைவிட மழை குறைந்த ஊர்களின் பட்டை பூஜ்யக் கோட்டுக்கு இடப்பக்கம் நீளும். அப்போது பெயர்களைப் பூஜ்யக் கோட்டில் ஒட்டாமல், படத்தின் விளிம்புக்கு நகர்த்துங்கள். பட்டை எழுத்தை மறைக்காது. கொம்பும் காலும் சுழியும் கொண்ட தமிழ் எழுத்தைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் கண் தடுமாறும். ஏரிக்கரையில் குடியிருப்பவர் தன் ஊர்ப் பெயரை நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தானே வரைபடம்!