பட்டப்பகலில் எதற்கு விளக்கு?



"ஏனுங்க, லைட் எரியுதுங்க!" 2017-ஆம் ஆண்டில் நம் கோவைப் பக்கத்துச் சாலைகளில் இந்தக் குரல் அடிக்கடி கேட்டது. எதிரே வந்தவர்கள் விரல்களைக் குவித்து விரித்துச் சைகையும் காட்டினார்கள். புது வண்டி ஓட்டியவரோ, "அணைக்கறதுக்குச் சுவிட்சே இல்லீங்க!" என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் இதுதான். 2017 ஏப்ரல் 1 முதல், புதிய இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்தது.

சூரியன் இருக்கும்போது விளக்கு எதற்கு? வீண் செலவுதானே? நல்ல கேள்வி. விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, நாம் பார்ப்பது. மற்றொன்று, பிறர் கண்ணில் நாம் படுவது. பகல் விளக்கு செய்வது இரண்டாவது வேலையை.

பேருந்து பெரியது, தூரத்திலேயே தெரிந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஒல்லியானது. மர நிழலிலும் மேம்பாலத்தின் அடியிலும் எளிதில் மறைந்துபோகும். ஒரு சிறு ஒளி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதை நினைத்தால், கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் பெட்ரோல் பெரிதாகத் தோன்றாது.

மலேசியாவில் 1992-லேயே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கு எரிய ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. சிரம்பான், ஷா ஆலம் ஆகிய ஊர்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். வண்டி கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்திருந்தன!

இப்போது காருக்கு வருவோம். பல புதிய கார்களில் முன்புறம் பகல் விளக்குகள் பளிச்சென எரிகின்றன. உள்ளே மீட்டர் இருந்த இடத்தில் ஒளிரும் திரை வந்துவிட்டது. வெளிச்சத்தை அளக்கும் ஓர் உணர்கருவியும் சில கார்களில் உண்டு. வெயிலில் திரையின் ஒளியைக் கூட்டும், இருட்டில் குறைக்கும். பாலக்காடு தாண்டித் திருச்சூர் போகும் வழியில், 2021-இல் திறக்கப்பட்ட குதிரான் சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது கவனியுங்கள். திரை தானாக மங்கும். நம் கண்ணின் பாவையும் இப்படித்தான். இருட்டில் விரியும், வெயிலில் சுருங்கும்.

வசதிதான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

பழைய கார்களில் விளக்கைப் போட்டால்தான் மீட்டரும் ஒளிரும். பொழுது சாய்ந்ததும் முள் தெரியாது. "அடடா, விளக்குப் போடவில்லையே" என்று ஓட்டுநர் உடனே சுவிட்சைத் தேடுவார். இன்று திரை எப்போதும் ஒளிர்கிறது. முன்னால் பகல் விளக்கின் வெளிச்சமும் தெரிகிறது. எல்லா விளக்கும் எரிகிறது என்று ஓட்டுநர் நம்பிவிடுகிறார். ஆனால் பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்னால் உள்ள சிவப்பு விளக்கு எரியாது! குன்னூர் மலைப் பாதையிலோ வால்பாறைச் சாலையிலோ பனிமூட்டம் சூழ்ந்தால் என்ன ஆகும்? பின்னால் வருபவருக்கு முன்னே ஒரு கார் போவதே தெரியாது.

கனடாவில் இப்படிப்பட்ட கார்களைப் 'பேய் வண்டி' என்கிறார்கள். 1989 டிசம்பர் முதல் தயாரான புதிய வாகனங்களில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிய நாடு அது. பிறகு இந்தக் குறையையும் சரிசெய்ய, 2021 செப்டம்பர் முதல் புது விதி கொண்டு வந்தது. தயாரிப்பாளர்களுக்கு மூன்று வழிகள். பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டினால் எல்லா விளக்குகளும் தானாக எரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஓட்டுநருக்கு முன்னுள்ள திரை இருட்டாகவே இருக்க வேண்டும். அப்போது அவருக்கே உறைக்குமல்லவா?

கருவி உதவும், ஆனால் நமக்குப் பதிலாக யோசிக்காது. ஆகவே, நீங்கள் செய்யக்கூடியவை மூன்று.

மாலையில் காரில் கிளம்புமுன், ஓரமாக நின்று பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள்.

மலையில் மூடுபனி இருந்தால், பகலானாலும் முகப்பு விளக்கைத் தாழ்வாக எரியவிடச் சொல்லுங்கள். உயர்த்தி வைத்தால் பனியில் பட்டுத் திரும்பி, ஓட்டுபவரின் கண்ணையே கூசச் செய்யும்.

உங்கள் சைக்கிளுக்குத் தானாக எரியும் விளக்கு கிடையாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கட்டும். பொழுது சாய்ந்தபின் வெளிர் நிறச் சட்டை அணியுங்கள்.

சாலையில் நாம் பிறரைப் பார்த்தால் மட்டும் போதாது. பிறர் கண்ணிலும் நாம் பட வேண்டும். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியைச் சோதித்துப் பார்ப்பீர்கள்தானே?