கறுத்தாலும் காரியக்காரி!

ஊத்துக்கோட்டையில் எங்கள் வீட்டு அரிவாள்மணையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அலகு கன்னங்கரேல், பலகையில் ஒரு மூலை உடைசல். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடும்மா!" என்று மகள் நச்சரிக்கிறாள். ஆனால் அவள் வாங்கி வந்த பளபள கத்தி தக்காளித் தோலிலேயே வழுக்குகிறது. இந்தக் கிழவியோ பூசணிக்காயைக்கூடப் பிளந்துவிடுவாள்!

கறுப்புக்குக் காரணம் உண்டு. எவர்சில்வரில் 10.5 சதவீதமாவது குரோமியம் இருக்கும், அதனால் மங்காது. பட்டறையில் அடித்த சாதாரண எஃகில் அந்த அளவு கிடையாது. வாழைப்பூத் துவர்ப்பு பட்டதும் கறுத்துவிடும். கறுப்பால் கெடுதல் இல்லை. செந்துரு பிடித்தால் மட்டும் தேய்த்து எடுத்துவிடுங்கள். நறுக்கியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்தால் விட்டுவிடாதீர்கள். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்த வேண்டிவரும். வழுக்கி விரலைப் பதம் பார்ப்பதும் அதுதான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மடக்கு அரிவாள்மணையே நல்லது. வேலை முடிந்ததும் மடக்கி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் வாங்கியது பளபளப்பாலா, பதத்தாலா? நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே!