விற்கக் கற்பதற்கு வயலை விற்பதா?

பூவரசங்குளத்துக் கமக்காரனுக்குச் 'சந்தைப்படுத்தல்' என்னும் சொல் புதிதன்று. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நெல் சந்தைப்படுத்தும் சபையை நிறுவிய காலந்தொட்டு அச்சொல் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கொள்வார் வருவாரா, வந்தால் என்ன விலை தருவார் என்று நெற்குவியலருகே காத்துக்கிடப்பதே அச்சொல்லுக்கு அவன் கண்ட பொருள். இன்று அதே சொல் வேறு வேடம் பூண்டு அவன் வாசலில் நிற்கிறது. "மகனை இலண்டனுக்கு அனுப்புங்கள், ஒரே ஆண்டில் சந்தைப்படுத்தலில் முதுமாணியாவான்" என்கிறார் முகவர். அந்த ஓராண்டின் விலை தந்தையின் வயல்.

நாம் வெளிநாட்டுக் கல்விக்குப் பகைவரல்லோம். நெல்லை விற்க வழியற்ற குடும்பம், விற்கும் வித்தையைக் கற்பதற்காக நெல் விளையும் நிலத்தையே இழப்பது எந்த ஊர் நியாயம் என்றே கேட்கின்றோம்.

முகவர் ஆலோசனைக்குக் கட்டணம் கேட்பதில்லை. ஏன் கேட்கவேண்டும்? மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அங்குள்ள பல்கலைக்கழகங்களே தரகு கொடுக்கின்றன. அவர் உங்கள் ஆலோசகர் அல்லர், பிறருடைய விற்பனையாளர். சந்தைப்படுத்தலின் முதற்பாடத்தை உங்கள்மீதே நடத்திக் காட்டுகிறார்! பிரித்தானிய விதிப்படி, வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். அந்த 28 நாட்களுக்கென்றே வட்டிக்குப் பணம் 'காட்டுவோர்' முளைத்திருக்கின்றனர். படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. படித்தபின் அங்கே தங்குவதற்கு அளித்த ஈராண்டு, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிகளுக்கு 18 மாதமாகச் சுருங்குகிறது. கடனும் அவ்வாறு சுருங்குமா?

இனி வயலுக்கு வருவோம். இங்கேதான் சட்டமறிந்தோர் வாய் திறந்தாகவேண்டும். வன்னியில் ஏராளமான வயல்கள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தாலும் அளிப்பாலும் குடியானவர் கைக்கு வந்தவை. குடியேறியவன் கடனில் மூழ்கி நிலமிழக்கலாகாது என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. உரிய சம்மதம் எழுத்திற் பெறாது அக்காணியைக் கைமாற்றினால் அது செல்லாது. அதனை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. இதனை நன்கறிந்த கடன்காரர் உறுதி எழுதுவதில்லை. அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். அற்றோர்னித் தத்துவம் முடிப்பிக்கிறார். அடுத்த காலபோகத்தில் அவருடைய உழவு இயந்திரம் வயலில் இறங்குகிறது. உறுதிக் காணியாயின் இன்னும் கொடுமை. ஈடு என்று பேசி, அறுதி உறுதி எழுதி, "பணம் தந்ததும் திருப்பித் தருவேன்" என்று வாய்வார்த்தை சொல்கிறார். அவ்வார்த்தையை நீதிமன்றத்தில் நிறுவுவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். இதற்குத் துணைபோகும் நம் தொழிலினரும் சிலர் உளர். அவர்களுக்கு மரியாதை செய்ய நாம் ஆயத்தமில்லை.

நெல்லின் கதை என்ன? 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கிலோவுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா என்று உறுதிவிலை விதித்தது. ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. அறுவடை இயந்திரம் கொட்டும் ஈரநெல்லைக் காயவிடத் தளம் எங்கே? தெருவின் தாரே தளம்! கடன் நெருக்க, மழை மிரட்ட, கேட்ட விலைக்கு ஈரநெல்லைக் கொடுத்துவிடுகிறான். பொலநறுவை ஆலைகளுக்குப் போகும் வடபுலத்து நெல், பெயர் பொறித்த பையில் அரிசியாகி நம் கடைக்கே திரும்புகிறது. விளைத்தவனுக்குப் பெயரில்லை, பை தைத்தவனுக்குப் பெயருண்டு. சந்தைப்படுத்தும் கல்வி இங்கே வேண்டாமென்று யார் சொன்னார்?

அக்கல்விக்குக் கடல் கடக்கத்தான் வேண்டுமா? பூவரசங்குளத்திலிருந்து மன்னார் வீதியால் வவுனியாவுக்குச் செல்லும் பேருந்து பம்பைமடுவைக் கடந்தே செல்கிறது. அங்கேதான் வவுனியாப் பல்கலைக்கழகம். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வியாபாரக் கற்கைகளுக்கு அதில் ஒரு பீடமே உண்டு. வெட்டுப்புள்ளியால் வாயிலில் நிறுத்தப்படும் பிள்ளைகள் பலர் என்பதை நாம் மறைக்கமாட்டோம். அவர்களுக்கு இடம் கேட்டன்றோ நம் தலைவர்கள் குரலெழுப்பவேண்டும்?

வெளிநாட்டில் கற்றவன் உழவனுக்கு உதவியதில்லையா? உதவினான். கோழிக்கோட்டிற் பிறந்து சென்னையிற் பயின்ற வர்கீஸ் குரியன், இந்திய அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் அமெரிக்காவின் மிச்சிகனுக்குச் சென்று பொறியியல் கற்றார். அப்பரிசிலின் ஒப்பந்தம் 1949இல் அவரை ஆனந்த் என்னும் சிற்றூருக்குக் கொண்டுவந்தது. 1946இல் பால் உற்பத்தியாளர் அமைத்த கூட்டுறவில் சேர்ந்தார். அங்கிருந்து எழுந்ததே அமுல். அவரைப் படிப்பித்தது அரசாங்கப் பணம். மீட்டு வந்தது ஓர் ஒப்பந்தம். நம் பிள்ளையைப் படிப்பிப்பது வட்டிப் பணம். அது அவனை ஊர் திரும்பவே விடாது.

வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்பவை சில. தொழிலுக்கு ஆளனுப்பும் முகவர் 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும். மாணவரை அனுப்புவோரை அச்சட்டம் தொடுவதில்லை. அவர்களையும் உரிமத்துக்குட்படுத்துங்கள், பெறும் தரகை எழுத்தில் காட்டச் செய்யுங்கள். கமக்காரர் அமைப்புகளுக்கு நெல் உலர்த்தும் தளமும் களஞ்சியமும் கொடுங்கள். பம்பைமடுவில் கமக்காரரின் பிள்ளைகளுக்கு மாலைநேரச் சந்தைப்படுத்தல் வகுப்பைத் தமிழில் தொடங்கச் செய்யுங்கள். அதுவரை, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கப்பட்டோர் எவராயினும், இடுமுன் அனுமதிப்பத்திரத்துடன் பிரதேச செயலகத்துக் காணிக்கிளைக்குச் சென்று கேளுங்கள்.